பெருமாள் பயந்த தண்ணீர்

சூளகிரிப் பக்கம் யாராவது கிணற்றில் விழுந்துவிட்டால் முதலில் அழுகைச் சத்தம் கேட்கும். அடுத்து, "பெருமாளுக்குப் போன் போடுங்க" என்கிற சத்தம் கேட்கும். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் பெருமாள் தன் பழைய டி.வி.எஸ். வண்டியில் வந்து, சட்டையைக் கழற்றி மடித்து சீட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே இறங்கியிருப்பார். கிணறு, கல்குவாரிக் குழி, ஏரி எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இப்பேர்ப்பட்ட மனிதர் தண்ணீரைக் கண்டு நடுங்கினார் என்று சொன்னால் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

என்னை இங்கே பாஸ்டரம்மா என்பார்கள். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்தான் எங்கள் சபை. என் வீட்டுக்காரர் ஞானசிங் அங்கே போதகர். தங்கமான மனுஷர், நல்ல குரல், ஜெபிக்க ஆரம்பித்தால் ஊரே கேட்கும். முன்யோசனை மட்டும் கொஞ்சம் கம்மி. அதைக் கர்த்தர் மொத்தமாக எனக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது, ஆனால் என் பேச்சை இவர் கேட்பதில்லை.

பெருமாளுக்குச் சொந்தத் தொழில் கிணற்றில் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும். கொஞ்சம் நிலம் உண்டு, ராகியும் தக்காளியும் போடுவார். கிணற்றுக்குள் மூச்சடக்கி வேலை செய்கிற ஆள் என்பதால், என்றைக்கோ ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் பிணம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார். அதிலிருந்து அதுவும் அவர் வேலையாகிவிட்டது. அவருடைய மனைவி பொற்கொடி, உடம்புக்கு முடியாமல் இருந்த சமயத்தில் எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தாள். ஒரே மகள் அனிதா, தொழிற்பேட்டையில் போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் அம்மாவோடு அவளும் வருவாள். பெருமாள் இருவரையும் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். "எங்க கொலதெய்வம் எங்களுக்கு இருக்குதுங்க. உங்க சாமியும் இருக்கட்டும்" என்பார். எந்த வம்புக்கும் போகாதவர்.

ஒரு ஞாயிறு இவர் ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தண்ணீரில்லாமல் வேர் இல்லை, வேரில்லாமல் கனி இல்லை, அப்படியே ஆத்துமாவும் என்று போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியின் ஒரு வாய் டீக்கடையைப் பார்த்திருக்கும். ஆராதனை முடிந்து நான் செருப்பை மாட்டும்போது பெருமாள் வந்து நின்றார்.

"பாஸ்டரம்மா, தண்ணியில உயிர் இருக்குதுன்னு பாஸ்டரு சொன்னாருங்களே."

"ஆமாண்ணே. வேதத்துல அப்படித்தான் இருக்கு."

"நானும் எத்தினியோ தண்ணியில எறங்கிட்டனுங்க. உயிரை நான் பாத்ததே இல்லீங்க."

வாயாடி என்று பெயர் எடுத்த நான் செருப்பு வாரையே சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பொற்கொடி பிறகு என்னிடம் சொன்னாள். பிணம் எடுத்த நாளில் அவர் வீட்டுக்குள் வர மாட்டாராம். வெளித்தொட்டியில் குளித்துவிட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்வாராம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவிடம் போக வேண்டும் என்று அழுது உருண்டாலும், தூரத்திலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாரே தவிர தொட மாட்டாராம். சடங்கு சாஸ்திரம் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிணம் கிடந்த தண்ணீர் தன் கையோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும் என்று ஒரு பயம். பொற்கொடிக்கு அது பழகிவிட்டது.

அனிதா ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்று சொன்னது அந்த வருஷ ஈஸ்டருக்குப் பிறகு. அப்பன் ஆத்தா சொல்லி எடுத்த முடிவில்லை, வயதுவந்த பெண், தானாக வந்து கேட்டாள். எங்கள் சபையில் தெளிப்பது கிடையாது, முழுக்குதான். பெருமாள் அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"தலையும் உள்ள போவுமுங்களா?" என்றார்.

"போகும் அண்ணாச்சி" என்றார் இவர். அண்ணாச்சி என்றால் இந்த ஊரில் மளிகைக்கடைக்காரர். எத்தனை தடவை சொன்னாலும் இவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. "மல்லாக்கச் சாய்ச்சு முழுசா முக்கித் தூக்குவோம். பழைய மனுஷன் செத்து அடக்கம் ஆகுதான். புது மனுஷன் எந்திச்சு வாரான். தண்ணிதான் கல்லறை, கேட்டீளா? அதுவேதான் உயிரும்."

இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கணக்கு வேண்டாமா? கல்லறை என்ற சொல்லைக் கேட்டதும் பெருமாளின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"உள்ள போறவங்க திரும்பி வர்ற எடம் இல்லீங்க அது" என்றார் மெதுவாக. கூடாது என்று தடுக்கவில்லை. மகள் ஒன்று கேட்டு அவர் மறுத்ததாக வரலாறே கிடையாது. ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று பொற்கொடி வந்து அழுதாள்.

அடுத்தது இடம். வழக்கமாகப் போகும் ஏரி அந்த வருஷம் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துக் கிடந்தது. கால் வைத்தால் அரித்தது. ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், முன்பு புயலில் அவருடைய பசுமைக்குடில் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது இவர் போய் ஜெபித்ததை மறக்காதவர், தன் பண்ணைக்குட்டையில் செய்துகொள்ளச் சொன்னார். இந்தப் பக்கத்துக் குட்டைகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய குழி தோண்டி, சரிவெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதில் மழைத்தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் தேக்குவார்கள். கையில் அள்ளினால் கண்ணாடியாக இருக்கும் தண்ணீர், ஷீட்டின் மேல் தார்போலக் கறுத்துத் தெரியும். ஷீட்டில் பாசி பிடித்துவிட்டால் எறும்புகூட ஏற முடியாது. இறங்கின ஆள் வழுக்கி நடுவுக்குப் போய்விடுவான். பிடித்துக்கொள்ள ஒரு புல் கிடையாது.

அந்தக் குட்டைதான் என்று தெரிந்ததும் பெருமாள் நேராக இவரிடம் வந்தார்.

"வேணாங்கய்யா. அது வேணாம். போன வருசம் பூச்சிமருந்து டிரம் கழுவ வந்த ஆளை அதுலேர்ந்து நான்தான் எடுத்தன். நீச்சல் தெரிஞ்சவன். கரையோரமாத்தான் கெடந்தான். ஷீட்டு பூரா நகம் கீறின கோடுங்க."

இவரிடம், "கேட்டீங்களா? வேற இடம் பாருங்க. தண்ணி டிரம்ல வச்சாவது முக்கிக்கிடலாம்" என்றேன். இவர் ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கி மேடை மாதிரி செய்துவிடலாம், இடுப்பளவுக்கு மேல் யாரும் போகப்போவதில்லை, கர்த்தர் பாத்துக்கிடுவாரு என்றார். நம்முடைய ஆட்கள் செய்கிற தப்பெல்லாம் இந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது. கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரி. மூட்டை வழுக்குமா என்று நாம்தானே பார்க்க வேண்டும்?

பெருமாள் அதற்கு மேல் வாதாடவில்லை. முந்தின நாளே போய், கரையிலிருந்த மோட்டார் ரூம் தூணில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் தண்ணீருக்குள் விட்டார். பழைய லாரி டயர்களைக் கோத்துச் சரிவில் படி மாதிரி இறக்கினார். "மத்தவங்களுக்கு எப்பிடியோ, பாப்பா எறங்குறப்ப நான் கரையில நிக்கிறன்" என்று பொற்கொடியிடம் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் நாங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஞானஸ்நானத்துக்குப் பெண்கள் போடும் வெள்ளை அங்கி தண்ணீரில் மேலே மிதந்துவிடக் கூடாது என்று கீழ் மடிப்பில் பாரம் வைத்துத் தைப்பது வழக்கம். எங்கள் ஊரில் கூழாங்கல் வைப்போம். இங்கே திரும்பின பக்கமெல்லாம் லேத் பட்டறை, அதனால் சபையில் வேலைக்குப் போகிற தம்பிகள் ஒரு பை நிறைய இரும்பு நட்டு கொண்டுவந்து தருவார்கள். எங்கள் சபைத் தையற்காரி ரேவதிக்கு அனிதா என்றால் உயிர். பெண் ஒல்லி, அங்கி தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் கூச்சப்படக் கூடாது என்று மற்றவர்களுக்கு வைத்ததைப்போல இரண்டு பங்கு வைத்துவிட்டாள். பாசத்தில் செய்ததுதான். அதைப் போய் ஒரு ஆண்பிள்ளையிடம் யார் சொல்வது?

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் தோட்டத்துக்குப் போனோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பாட்டுப் பாடினார்கள். நானும் வாயை அசைத்தேன், ஆனால் என் கண் அந்தக் கறுப்புத் தண்ணீரைவிட்டு அகலவில்லை. இவருக்கும் நீச்சல் தெரியாது. ஒவ்வொருவராக இறங்கினார்கள், முங்கினார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் காலடியில் மூட்டை கொஞ்சம் அசைந்ததுபோல எனக்குத் தோன்றியது. என் மனப்பிரமை என்று என்னையே அதட்டிக்கொண்டேன். பெருமாள் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருடைய கை நடுங்கி, அந்த நடுக்கம் கயிறு வழியாகத் தண்ணீரில் சின்னச் சின்ன வளையமாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் அனிதா இறங்கினாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். இவர் ஒரு கையை அவள் முதுகிலும் இன்னொன்றை நெற்றியிலும் வைத்தார். பிதாவின் பெயரைச் சொன்னார். குமாரனின் பெயரைச் சொன்னார். மூன்றாவது பெயர் வாயிலிருந்து வருவதற்குள் மூட்டை மொத்தமாக நழுவிவிட்டது.

இவருடைய கை கயிற்றில் மாட்டிக்கொண்டது. அனிதாவின் கைக்குக் கயிறு கிடைக்கவில்லை. வெள்ளைத் துணி கறுப்புச் சரிவில் ஒரு முறை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. பொற்கொடி போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. மணலைக் கையில் அள்ளி வைத்திருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். பெருமாள் சட்டையைக் கழற்றவில்லை. அப்படியே பாய்ந்துவிட்டார்.

உள்ளே நடந்ததை அவரே பின்னொரு நாள் எனக்குச் சொன்னார். தண்ணீருக்குள் அவர் கண் திறப்பதே இல்லையாம். முதன்முதலாக எடுத்த பிணத்தின் முகத்தை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டாராம், திறந்த கண்ணோடு, பார்வை இல்லாமல். அன்றிலிருந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் இறங்குவார். கையும் காலும்தான் தேடும். அன்றைக்கும் பழக்கம் விடவில்லை, மகள் என்று தெரிந்தும் கண் திறக்கவில்லை, திறக்க முடியவில்லை. துழாவிய கையில் முடி அகப்பட்டது. முடியைப் பற்றி இழுத்தார். வரவில்லை.

"உயிர் இருக்கிற ஒடம்பு தண்ணியில பூ மாதிரி வருமுன்னு கேட்டிருக்கனுங்க பாஸ்டரம்மா. செத்ததுதான் கனக்கும். பாப்பா கனத்துச்சு. அவ்ளோ கனம். முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிட்டன். பொணத்தைத் தூக்குற மாதிரிதான் தூக்குனன், நிதானமா. அவசரப்பட்டு இனி என்னா ஆவப்போவுதுன்னு."

தண்ணீர் உடைந்து இரண்டு தலைகள் மேலே வந்தன. பெருமாளின் கண் மூடியே இருந்தது. ஒரு கை முடிச்சுக் கயிற்றில், ஒரு கை மகளின் கூந்தலில்.

"அப்பா! முடிய விடு! வலிக்குதுப்பா!"

அவருடைய கை படக்கென்று விட்டுவிட்டது. நல்லவேளை, நாலு பேர் டயர்ப்படியில் இறங்கி அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பெருமாள் இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தண்ணீரிலிருந்து அவர் எடுத்த ஒருவரும் அதுவரை அவரிடம் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அனிதா கரையில் கவிழ்ந்து இருமித் துப்பினாள். பொற்கொடி அவளைக் கட்டிக்கொண்டாள், அடித்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள். ரேவதி அங்கியின் மடிப்பைப் பல்லால் கடித்துப் பிரிக்க, நட்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அதைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ரேவதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவர் ஒரு மூலையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். இவரைத் திட்டுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "போதும். எல்லாரும் கெளம்புங்க" என்றேன்.

"பாஸ்டர் முடிக்கல" என்றாள் அனிதா.

"முங்கினதும் ஆச்சு, எந்திச்சதும் ஆச்சு. கர்த்தர் ஏத்துக்கிடுவாரு, தாயி" என்றார் இவர். குரலே எழும்பவில்லை.

"மூணு பேரையும் சொல்லி முடிக்கல ஐயா. நான் முங்கல, விழுந்தேன். மறுபடி இறங்கணும்."

பெருமாள் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். அவர் மகளை நோக்கிக் கையை ஓங்கினதை வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பொற்கொடி பார்த்தாளாம். கை பாதியில் நின்றுவிட்டது. "சாவணுமா ஒனக்கு? சொல்லு, சாவணுமா?" என்று கத்தினார். கத்தக் கத்த அழுகை வந்துவிட்டது. "எனக்குப் பயமா இருக்குது பாப்பா. ஒங்கப்பனுக்குப் பயமா இருக்குது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஊரே வீரன் என்று சொல்கிற ஆள்.

அனிதா எழுந்து அவர் முன்னால் நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, நீ கீழ வர்றப்ப நான் உன்னப் பாத்தேன். தண்ணி நல்லாத்தான் தெரிஞ்சுது. நீ நேரா எங்கிட்டதான் வந்தே. ஆனா கண்ண மூடிட்டிருந்தே. நான் கைய ஆட்டுனேன். நீ பாக்கல."

பெருமாள் முகத்திலிருந்த தண்ணீரை வழித்துக்கொண்டார்.

"நான் உயிரோடதான்ப்பா இருந்தேன். நீ பாக்கவே இல்ல."

எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை. அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. பெருமாள்தான் முதலில் அசைந்தார். மூட்டைகளை எட்டி உதைத்துத் தள்ளினார். டயர்களை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். கயிற்றின் நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, அதே கயிற்றை மகளின் இடுப்பிலும் ஒரு சுற்றுச் சுற்றினார். டயர் மேல் கால் ஊன்றி நின்று, "வாங்கய்யா" என்று இவரைக் கூப்பிட்டார்.

இவர் டயர்ப்படியில் இறங்கினார். அங்கே போய் நின்றவுடன் சொன்னார்: "அண்ணாச்சி, என் கைய நான் நம்பல. நான் பேரச் சொல்லுதேன். நீங்க புடிச்சு முக்குங்க."

அப்படி ஒரு வழக்கம் எந்தச் சபையிலும் கிடையாது. முழுக்கு எடுக்காத ஒருவர், நம்பிக்கைக்குள் வராத ஒருவர், முழுக்குக் கொடுப்பதா என்று பிறகு எத்தனையோ பேர் எங்களைக் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேட்கட்டும். அன்றைக்கு அந்தக் குட்டையில் நின்றிருந்தால் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெருமாள் மகளின் முதுகுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தார். இன்னொரு கையை அவள் நெற்றியில் வைத்தார். அந்தக் கைக்கு மேல் இவர் தன் கையை வைத்தார். தண்ணீரிலிருந்து எடுத்து எடுத்தே பழகின கை, ஒருவரைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும், அதுவும் தன் பிள்ளையை. அவர் உடம்பு மொத்தமும் உதறுவதைக் கரையிலிருந்து பார்த்தோம். பொற்கொடி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன்.

"கண்ணத் தொறந்திருக்கணும்ப்பா" என்றாள் அனிதா.

இவர் பிதாவின் பெயரைச் சொன்னார். குமாரனின் பெயரைச் சொன்னார். இந்தத் தடவை மூன்றாவது பெயரையும் சொன்னார். பெருமாளின் கை மெதுவாகத் தாழ்ந்தது. அனிதாவின் காது உள்ளே போனது, நெற்றி போனது, மூக்கும் வாயும் போயின. அவளுடைய முகத்தின் மேல் தண்ணீர் மூடியது.

பெருமாள் குனிந்து, தண்ணீர் முகத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, உள்ளே பார்த்தார்.

தூக்க வேண்டும். தூக்க மறந்துவிட்டார். "அண்ணாச்சி, தூக்குங்க" என்று இவர் பதறினார். பெருமாளுக்கு அது காதில் விழவில்லை. அந்தத் தோட்டமே கேட்கும்படி அவர் கத்திக்கொண்டிருந்தார்:

"பாக்குறா! உள்ளேர்ந்து என்னைப் பாக்குறா! எம் பொண்ணு பாக்குறா!"